பணம் யார் கணக்கில் சேர்ந்தது?

புதன், சனி, ஞாயிறு என்றால் மலேசியாவின் செபராங் ஜெயாவில் நாலு நம்பர் லாட்டரிக் கடை முன்னால் வரிசை நிற்கும். விபத்தில் நசுங்கிய காரின் பதிவெண், கனவில் வந்த வீட்டு எண், பேரன் பிறந்த தேதி என்று எதிலிருந்தும் நம்பர் எடுப்பார்கள். 2003இல் லாட்டரியையே தடைசெய்த தமிழ்நாட்டிலிருந்து கல்யாணமாகி வந்தவள் நான். அரசு உரிமத்தைச் சுவரில் மாட்டி, ரசீது கொடுத்து நம்பர் விற்பதைப் பார்த்ததும் திகைத்துப்போனேன். முஸ்லிம்களுக்கு மட்டும் ஷரியா சட்டப்படி தடை. மூடா ஆற்றைத் தாண்டினால் கெடா. அந்த மாநில அரசோ 2023 முதல் இந்தக் கடைகளின் உரிமத்தைப் புதுப்பிப்பதில்லை என்று முடிவெடுத்தது.

சென்னையில் வக்கீலாக இருந்தேன். இங்கே வாதாடக் குடியுரிமையோ நிரந்தரவாசத் தகுதியோ வேண்டும் என்கிறது 1976ஆம் ஆண்டு வழக்குரைஞர் தொழில் சட்டம். அதனால் ஒரு லாயர் ஆபீசில் கோப்புகளைத் தயார் செய்கிறேன். மலாயில் இருக்கும் குற்றச்சாட்டைத் தமிழில் வாசித்துச் சொல்வதும் என் வேலைதான்.

ஒருநாள் ஓர் அம்மா பிளாஸ்டிக் உறையில் தாள்களோடு வந்தார். மகனைப் போலீஸ் ஒரு கொண்டோ வீட்டில் பிடித்திருந்தது. இணையச் சூதாட்டத் தளமொன்றுக்கு வாடிக்கையாளர் சேவை செய்தானாம்.

"தங்கச்சி, பையன் வாட்ஸ்அப்புல பதில்தானே சொன்னான்? ஒரு காசு வச்சு விளையாடலயே. அதுக்கா கேஸு?"

அதற்கும் கேஸ் உண்டு. 1953ஆம் ஆண்டுப் பொதுச் சூதாட்ட விடுதிகள் சட்டத்தின் 4ஆம் பிரிவு, விடுதியை நடத்த உதவுகிறவரையும் விடாது. குறைந்தது 5,000, அதிகபட்சம் 50,000 வெள்ளி (ரிங்கிட்) அபராதம்; மூன்றாண்டு வரை சிறையும் கிடைக்கலாம். விளையாடுகிறவருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. சோதனையின்போது உள்ளே இருந்தவரும் தப்பி ஓடியவரும், இல்லையென்று நிரூபிக்கும்வரை, சூதாடியவராகவே கருதப்படுவார்கள். கதவும் சுவரும் உள்ள இடத்தை மனத்தில் வைத்து எழுதிய சட்டம் இது. முதலாளி எந்த நாட்டில் இருக்கிறாரோ தெரியாது. கதவை உடைத்தால் கையில் அகப்படுவது மாதச் சம்பளக்காரப் பையன்கள்தாம்.

தமிழ்நாட்டில் இதே விவகாரம் வேறு பாதையில் போனது. ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1968இல் சொன்னதை வைத்துத்தான் வாதமெல்லாம். பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களுக்கு 2021இல் தமிழக அரசு கொண்டுவந்த தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ரத்து செய்தது. ஆடித் தோற்றவர்களின் தற்கொலைகள் தொடரவே நீதிபதி சந்துரு குழு அமைந்தது. அதன் பின் வந்த தடை மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பினார்; பேரவை மீண்டும் நிறைவேற்ற, 2023 ஏப்ரலில் அது சட்டமானது. அந்த நவம்பரிலேயே ரம்மியையும் போக்கரையும் தடைப்பட்டியலிலிருந்து நீதிமன்றம் விடுவித்தது. திறமை வாதத்துக்கு மலேசியாவில் அவ்வளவு மவுசு இல்லை. திறமையும் அதிர்ஷ்டமும் கலந்த ஆட்டத்தைப் பணம் வைத்து ஆடினாலும் இங்கே சூதாட்டம்தான். உரிமம் இருக்கிறதா என்பதே கேள்வி.

இரண்டு ஊர் வாதங்களிலும், அந்த அம்மாவிடம் நாங்கள் முதலில் விசாரித்த விஷயம் இடம்பெறவில்லை: பையன் தன் வங்கி அட்டையை யாரிடமாவது கொடுத்தானா? கொடுத்திருந்தால் சூதாட்டக் கேஸோடு போகாது. கணக்கை இரவல் கொடுப்பதைத் தனிக் குற்றமாக்கி 2024இல் மலேசியத் தண்டனைச் சட்டத்தில் புதிய பிரிவுகள் வந்துவிட்டன. அவன் கொடுக்கவில்லை என்று தெரிந்ததும் எங்கள் லாயருக்கே மூச்சு வந்தது.

2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் கொண்டுவந்த இணைய விளையாட்டுச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டம் எல்லாவற்றையும் தடுக்கிறது. நடத்துகிறவருக்குத் தண்டனை உண்டு, ஆடுகிறவருக்கு இல்லை. வங்கிகள் அந்தப் பணத்தைக் கைமாற்றக் கூடாது. ஒரேயடியாக மூடுவது சரியா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. கள்ளத்தளங்களுக்கு அது கொண்டாட்டமாகிவிடலாம். ஆனால் ஆடித் தோற்றவனை விட்டுவிட்டுப் பணம் போன வழியைப் பிடிப்பது சரியான திசை. 1953ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தும்போது மலேசியா எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தப் பகுதியைத்தான். அதுவரை கொண்டோ கதவுகள் உடைபடும், முதலாளியின் கணக்கு மட்டும் பத்திரமாக இருக்கும்.