கவனமும் உத்தியோகமும்

அலைகிற மனம் உள்ளவனுக்கு ஸ்டார்ட்-அப் கம்பெனிதான் பொருத்தமான இடம், வங்கிக் குமாஸ்தா வேலை அவனைக் கொன்றுவிடும் என்று ஒரு அபிப்பிராயம் பரவலாக இருக்கிறது. இரண்டு இடத்திலும் சம்பளம் வாங்கியவன் என்ற முறையில் இதை மறுத்துச் சொல்ல எனக்குக் கொஞ்சம் இருக்கிறது.

முதலில் பெயரைப் பற்றி. ஏ.டி.எச்.டி. என்ற எழுத்துக்கள் என் மருத்துவச் சீட்டில் ஏறியபோது எனக்கு வயது 25. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 1968ல் இதைக் குழந்தைகளின் துறுதுறுப்பாக மட்டுமே பார்த்தது. 1980ல் வந்த மூன்றாம் பதிப்பு கவனக் குறைவை மையத்துக்குக் கொண்டுவந்தது. 1987ல் இன்றைய பெயர் வந்தது. 17 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 5 அறிகுறிகள் போதும் என்று தனியாகச் சொல்ல 2013ன் ஐந்தாம் பதிப்பு வரவேண்டியிருந்தது. 'குறைவு' என்ற சொல்லில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு கவிதைத் தொகுப்பின் மெய்ப்பை இரவு 9 மணிக்குக் கையில் எடுத்தால் விடிந்தது தெரியாமல் உட்கார்ந்திருப்பேன். ஒரு பக்க விண்ணப்பத்தை நிரப்ப மாட்டாமல் மூன்று நாள் பார்த்துக்கொண்டும் இருப்பேன். கவனம் கையிருப்பில் இருக்கிறது. அதை எடுத்துச் செலவு செய்யும் அதிகாரம்தான் இல்லை.

பெங்களூரில் கோரமங்கலாவில், பள்ளிக்கூடங்களுக்குக் கட்டண வசூல் மென்பொருள் செய்யும் ஒரு கம்பெனி. நான் சேர்ந்தபோது 11 பேர், ஒரே நீள மேஜை. செயலியில் வரும் வாசகங்களை எழுதுவதும் பள்ளி அலுவலகங்களின் புகார்களுக்குப் பதில் சொல்வதும் என் வேலை. முதல் வருஷம் சுகமாகவே போயிற்று. பள்ளி திறக்கும் வாரத்தில் தொலைபேசி ஓயாது. எதிரே இருப்பவன் எழுந்து நின்று கத்துவான், உடனே செய்வேன். அவசரம் வெளியிலிருந்து வரும்போது என் மனம் யாருக்கும் சளைத்ததல்ல.

முதலீடு வந்து 60 பேரானதும் கத்துவது நின்றது. ஸ்லாக்கில் எண்ணி மாளாத சானல்கள், காலையில் நின்றுகொண்டே நடத்தும் கூட்டம், இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்பிரிண்ட். எல்லாவற்றுக்கும் மேலாக 'ஓனர்ஷிப்' என்ற சொல். எது முதல், எது பிறகு, எது முடிந்தது என்பதை நீயே தீர்மானித்து நீயே ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அதற்கு அர்த்தம். இதைச் சுதந்திரம் என்றார்கள். எந்த இடம் எனக்குப் பலவீனமோ அந்த இடத்தின் மீதே முழுச் சுமையையும் இறக்கிவைக்கும் சுதந்திரம். மாத்திரை உதவியது. அது உட்கார வைக்கும்; எதன் முன்னால் உட்கார வேண்டும் என்று சொல்லாது.

மருத்துவச் சீட்டை நான் ஒளிக்கவில்லை. ஸ்தாபகர் மகிழ்ந்துபோனார். தமக்கும் இது இருக்கலாம் என்றார். ஜெட்புளூ விமானக் கம்பெனியைத் தொடங்கிய டேவிட் நீல்மேன் இதுபற்றி வெளிப்படையாகப் பேசியிருக்கிறார், இது குறையே அல்ல, அபூர்வ சக்தி என்றார். ஆறு மாதம் கழித்து வந்த மதிப்பீட்டில் அதே சக்தி 'எடுத்ததை முடிப்பதில்லை' என்ற ஒற்றை வரியாகியிருந்தது. பரஸ்பர சம்மதம் என்ற பெயரில் என்னை அனுப்பினார்கள்.

அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அவருக்கு அது சக்திதான். ஸ்தாபகரின் மனம் ஒரு யோசனையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினால், அவர் விட்டுப்போனதைப் பொறுக்கியெடுத்து முடிக்க 60 பேர் சம்பளம் வாங்குகிறார்கள். அந்த 60 பேரில் ஒருவன் தாவினால் அவன் பின்னால் பொறுக்க ஆள் இல்லை. ஒரே சுபாவம் மேஜையின் ஒரு பக்கத்தில் மேதைமை, மறுபக்கத்தில் ஒழுங்கீனம். வர்க்கம் என்ற சொல்லை எல்லாக் கவிதையிலும் தேடும் நண்பர்கள் இங்கேயும் சற்றுத் தேடலாம். சட்டமும் கைகொடுப்பதாக இல்லை. 2016ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. இதன் பெயர் அதில் இல்லை.

27 வயதில் பரீட்சை எழுதிக் குமாஸ்தா ஆனேன். இலக்கிய நண்பர்கள் துக்கம் விசாரித்தார்கள். 1917லிருந்து லாயிட்ஸ் வங்கியில் இருந்த எலியட்டை மீட்க 1922ல் எஸ்ரா பவுண்ட் பணம் திரட்டப் பார்த்த கதை நமக்குப் பிடித்தமானது. எலியட் 1925 வரை வங்கியிலேயே இருந்தார் என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை.

கவுண்ட்டரில் எதிரே ஆள் நிற்கிறார். அவர் போனால் அடுத்தவர். நான் பதிவதை இன்னொருவர் சரிபார்த்து அனுமதிக்க வேண்டும். பெட்டக அறைக்கு இரண்டு சாவி, இரண்டு ஆட்கள். மாலையில் ரொக்கம் கணக்கோடு ஒத்துப்போகாமல் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. இவையெல்லாம் என்னை உத்தேசித்துச் செய்த ஏற்பாடுகள் அல்ல. மனிதன் மறப்பான், கண் தவறும், கை ஆசைப்படும் என்று சகலர் மீதும் கொண்ட சந்தேகத்தில் பிறந்தவை. 1494ல் பாச்சோலி வெனிஸில் அச்சிட்ட இரட்டைப் பதிவு முறையிலேயே அந்தச் சந்தேகம் இருக்கிறது. அதன் நிழலில் நான் சகஜமாக இருக்கிறேன். இங்கே யாரையும் நம்புவதில்லை. ஆகவே நான் எல்லோருக்கும் சமம்.

உருவத்தை உடைத்தால் அனுபவம் விடுதலையாகும் என்று நம் பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது. படிக்கும்போதெல்லாம் உடைப்பவன் யார், துண்டுகளை அடுக்கிவைக்க அவனுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. கட்டு சிலருக்குத் தளை. சிலருக்கு அது கைப்பிடிச் சுவர்.

இப்போது எங்கள் கிளைக்கும் 'ஓனர்ஷிப்' வந்துகொண்டிருக்கிறது. காப்பீட்டுப் பாலிசி விற்க இலக்கு, அதை விசாரிக்க ஒரு வாட்ஸப் குழு. பணம் எடுப்பதும் போடுவதும் கைபேசிக்குப் போகப்போகக் கவுண்ட்டரில் வரிசை குறைகிறது. மேலாளர் இதை முன்னேற்றம் என்கிறார். வரிசையில் கடைசியாக நிற்கும் ஆளை நான் தினமும் கொஞ்சம் கவலையோடு பார்க்கிறேன்.