எழுத்தும் ஓர் அமானிதம்

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதன்று; நோன்பைப் பற்றியதுமன்று. கொடுத்த கடனை எழுதி வைப்பது பற்றியது. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனமாகிய அதனைச் சிறு பருவம் முதலே ஓதி வருகிறோம். எனினும், அதன் அருமை நம் நெஞ்சில் உறைத்தது ஒரு மருத்துவரின் மேசை முன்னேதான்.

எம் மூத்த லாத்தாவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய் கண்டு, அறுவை நடந்தது. அகற்றிய குடற்பகுதியைச் சோதித்தவர்கள் தந்த அறிக்கையில் மூன்றே வரிகள்: இது புற்றுநோய், கட்டி முழுதும் அகற்றப்பட்டது, நிணநீர்க் கணுக்களில் நோய் இல்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று மகிழ்ந்தோம். ஆனால், அத்தாளைப் படித்த புற்றுநோய் மருத்துவரின் முகம் மலரவில்லை.

"எத்தனை கணுக்களைப் பார்த்தார்கள்?" என்றார்.

நாம் விழித்தோம். தாளிலும் விடை இல்லை.

கணுக்களுக்கு நோய் பரவியிருந்தால் அறுவைக்குப் பின் மருந்துச் சிகிச்சை வேண்டும். பரவாதிருந்தால் பலருக்கு அது தேவைப்படாது. குறைந்தது 12 கணுக்களையாவது தேடியெடுத்துப் பார்த்தால்தான் 'இல்லை' என்னும் சொல்லை நம்பலாம் என அவர் விளக்கினார். நான்கைந்தை மட்டும் பார்த்துவிட்டு 'இல்லை' என்பது, ஓர் அறையைத் தேடிவிட்டு வீட்டில் திருடன் இல்லை என்பது போலன்றோ?

பத்திரப்படுத்தியிருந்த குடற்பகுதியை மீண்டும் சோதிக்கச் செய்தோம். 15 கணுக்கள் கிட்டின. இரண்டில் நோய் இருந்தது. ஐந்து வாரம் வீணான பிறகே சிகிச்சை தொடங்கிற்று.

இக்குறை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் கத்பர்ட் டியூக்ஸ், மலக்குடற் புற்றுநோய் குடற்சுவரைக் கடந்ததா, கணுக்களை எட்டியதா என்பதைக் கொண்டு அதனை மூன்று நிலைகளாக 1932இல் வகுத்தார். அவ்வளவு தெளிவாக வழிகாட்டிய பின்னரும், 1993ஆம் ஆண்டில் வேல்ஸ் ஆய்வகங்கள் எழுதிய அறிக்கைகளைத் திரட்டிப் பார்த்தபோது, வேண்டிய செய்திகள் விடுபட்டவை மிகப் பல. அறிவு குறைந்ததால் அன்று. அவரவர் மனம்போல் எழுதியதால் நேர்ந்த குறை அது.

1998இல் பிரிட்டனின் ராயல் நோயியல் கல்லூரி, அறிக்கையில் தவறாது இடம்பெற வேண்டியவற்றை வரையறுத்தது. கட்டி எவ்வளவு ஆழம் ஊடுருவியது, பார்த்த கணுக்கள் எத்தனை, நோயுற்றவை எத்தனை, வெட்டிய விளிம்பில் நோய் உண்டா, இரத்தக் குழாயில் புகுந்ததா என ஒவ்வொன்றுக்கும் படிவத்தில் ஒரு கட்டம் அமைந்தால், வெறுமையாய் நிற்கும் கட்டம் எழுதுபவரின் கண்ணையே உறுத்தும். எல்லா ஊர்களிலும் ஒரே படிவம் வழங்கினால் கணக்குகளை ஒன்றுசேர்க்கலாம். எந்த ஆய்வகத்தில் கணுக்கள் குறைவாகக் கிட்டுகின்றன என்பதறிந்து திருத்தலாம்.

சிறு கடனாயினும் பெருங்கடனாயினும் எழுதச் சலிப்படையலாகாது என்பது மறை காட்டும் நெறி. உயிரோ, அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதன் கணக்கை மூன்று வரிகளில் முடிக்கலாமா?

உங்கள் இல்லத்தாருக்கு இத்தகைய அறிக்கை வந்தால் கூச்சமின்றிக் கேளுங்கள்: பார்த்த கணுக்கள் எத்தனை? நோயுற்றவை எத்தனை? அதைக் கேட்பது மருத்துவரை ஐயுறுவதாகாது, அமானிதத்தைப் பேணுவதேயாகும்.