டிராயிங் பீரியடும் கணக்கு வாத்தியாரும்

திண்டிவனத்தில் ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. விழுப்புரத்தில் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி. பெயரை நம்பி வெளியூர்க்காரர் யாராவது உள்ளே போய் "இங்க மிருதங்கம் சொல்லித் தருவீங்களா?" என்று கேட்டால் வாட்ச்மேன்கூடச் சிரித்துவிடுவார்! அங்கே கலை என்றால் வரலாறு, பொருளாதாரம், தமிழ் இலக்கியம்... பட்டத்தின் பெயரில் ஒட்டிக்கொண்ட கலை அது. பாடுவதும் ஆடுவதும் வரைவதும் வேறு கலை.

இந்த வேறு கலை இளம் பிள்ளைகளுக்குத் தேவையா என்று கேட்டால் வேண்டாம் என்று யாருமே சொல்வதில்லை. ஆண்டு விழா மேடையில் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். உண்மை தெரிய வேண்டுமானால் டைம் டேபிளைப் பார்க்க வேண்டும். வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ டிராயிங் பீரியட் இருக்கும். பரீட்சை நெருங்கினால் அதைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்வார். திருப்பித் தந்ததாகச் சரித்திரம் இல்லை!

பாவம், கணக்கு வாத்தியாரை மட்டும் குறை சொல்லியும் பயனில்லை. 2018-ல் பிளஸ் டூ தேர்ச்சியில் விழுப்புரம் மாவட்டம் மாநிலத்திலேயே கடைசி இடம். அப்போது கள்ளக்குறிச்சியும் சேர்ந்த பெரிய மாவட்டம். அப்படிப் பட்டியலின் அடியில் நின்ற ஊரில், தலைமையாசிரியர் முதலில் கை வைப்பது எதில்? மார்க் இல்லாத பாடத்தில்தான்.

அந்தப் பாடத்தை நடத்தும் ஆசிரியரின் நிலையும் தெரிந்ததுதான். 2012-ல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, இசை, தையல் போன்றவற்றுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை, மாதம் 5,000 ரூபாய் சம்பளம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்து, 2023-ல் 12,500 ஆக்குவதாக அரசு அறிவித்தது. பணி நிரந்தரம் கேட்டுப் போராடிப் போராடியே பலருக்குத் தலை நரைத்துவிட்டது. மூன்று அரை நாள் வந்து போகும் ஆசிரியரின் பீரியடைக் கடன் கேட்பது ரொம்பச் சுலபம்.

விழுப்புரத்தில் கலையைப் பற்றிப் பேச்செடுத்தால் உடனே ஒரு பெயர் வந்து விழும். சிவாஜி கணேசன்! 1928 அக்டோபர் 1-ல் இந்த ஊரில்தான் பிறந்தார். சிறு வயதிலேயே குடும்பம் திருச்சிக்குப் போய்விட்டது. அங்கே கட்டபொம்மன் கதையைக் கூத்தாகப் பார்த்தார். பார்த்த பிறகு வீட்டில் கால் தரிக்கவில்லை. நாடகக் கம்பெனிக்காரர்களிடம் போய், தான் ஓர் அனாதை என்று பொய் சொல்லிச் சேர்ந்துகொண்டார். பாட்டு, ஆட்டம், வசன உச்சரிப்பு, அடுத்தவன் வசனம் பேசும்போது சும்மா நிற்கும் கலை எல்லாம் அந்த பாய்ஸ் கம்பெனியில் கற்றவைதான். பெண் வேடமும் போட்டார். பிற்பாடு அதே கட்டபொம்மனாக 1959-ல் படத்தில் நடித்து, 1960-ல் கெய்ரோ ஆசிய-ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கினார்.

ஆனால் இந்த உதாரணத்தில் ஓர் ஆபத்து இருக்கிறது. பாய்ஸ் கம்பெனிகளில் வளர்ந்த பையன்கள் எத்தனையோ பேர். அத்தனை பேரும் சிவாஜி ஆகவில்லை. அடியும் பசியும் பட்டு, பெற்றோர் முகம் பார்க்காமல் வளர்ந்து, குரல் உடைந்ததும் வேடம் இழந்தவர்களும் உண்டு. "படித்தால் சிவாஜி ஆகலாம்" என்று கலையை விற்றால், ஆகாதவனுக்கு அது வீண் என்றாகிவிடும். "பாட்டுக் கற்றால் கணக்கில் மார்க் ஏறும்" என்று சொல்வதும் அப்படித்தான். சுற்றி வளைத்து மறுபடி கணக்கு வாத்தியாரிடமே கொண்டுபோய் விட்டுவிடும்.

அப்படியானால் வேறென்ன பயன்? கூத்தையே பாருங்கள். திண்டிவனத்திலிருந்து மேற்கே போனால் செஞ்சி. அந்தப் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழா வந்தால் பகலில் பாரதம் படிப்பார்கள், இரவு முழுக்கக் கூத்து. விடிய விடிய ஆட வேண்டிய ஒரு பையனுக்கு வசனம் மட்டும் தெரிந்தால் போதாது. பின்பாட்டுக்காரர் எப்போது எடுப்பார், முகவீணை எங்கே நிற்கும், மிருதங்கம் எந்த இடத்தில் முடிக்கும் என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். தப்புப் பண்ணினால் ஊரே பார்க்கும். பார்த்த பிறகும் ஆட்டத்தை நிறுத்த முடியாது, அடுத்த அடியில் சரி செய்தே ஆக வேண்டும். நோட்ஸ் கிடையாது, முக்கிய வினாக்கள் கிடையாது. பரீட்சையில் தோற்ற பையன் தனியாகத் தோற்கிறான். கூத்தில் தடுமாறுகிறவனை மற்ற நாலு பேர் தூக்கி நிறுத்துகிறார்கள். அதைப் பதினைந்து வயதில் ஒருமுறை அனுபவித்தவனுக்கு அதுவே பெரிய படிப்பு.

இதைப் பள்ளிப் படிப்போடு சேர்த்துத் தர முடியுமா? செய்து காட்டியிருக்கிறார்கள். காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் பெ. ராஜகோபாலும், அவர் மனைவியான ஹாலந்து நாட்டு ஆய்வாளர் ஹன்னே டி புரூயினும் 2002-ல் கட்டைக்கூத்து குருகுலம் தொடங்கினார்கள். (தெருக்கூத்து என்றால் மட்டமாகப் படுகிறது என்று அவர்கள் கட்டைக்கூத்து என்றே சொல்வார்கள். கட்டை என்பது வேடத்துக்குப் பூட்டும் மர அணிகலன்கள்.) பிள்ளைகள் அங்கேயே தங்கிப் பாடமும் படித்தார்கள், கூத்தும் கற்றார்கள். ஆண்களே ஆடி வந்த கூத்தில் பெண் பிள்ளைகளும் வேடம் கட்டினார்கள். இது பெரிய விஷயம்! பாய்ஸ் கம்பெனி போல வீட்டையும் படிப்பையும் பறித்துக்கொள்ளாத ஏற்பாடு. 2020-ல் அந்தக் குருகுலம் மூடப்பட்டது.

2022-லிருந்து அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடத்துகிறார்கள். நல்லதுதான். ஆனால் போட்டி வேறு, வகுப்பு வேறு. போட்டியில் ஏற்கெனவே தெரிந்த பிள்ளை ஜெயிக்கும். தெரியாத பிள்ளைக்குக் கற்றுத் தருவது வகுப்புதான்.

அதற்கும் விழுப்புரத்தில் இடம் இருக்கிறது. மாவட்ட அரசு இசைப்பள்ளியில் குரலிசை, பரதநாட்டியம், வயலின், மிருதங்கம், நாதசுரம், தவில், தேவாரம் ஆகியவற்றை மூன்று ஆண்டுகள் சொல்லித் தருகிறார்கள். 12 வயதிலிருந்து 25 வயது வரை சேரலாம். கட்டணம் வருடத்துக்குச் சில நூறு ரூபாய்தான். நாதசுரம், தவில், தேவாரத்துக்கு எழுதப் படிக்கத் தெரிந்தாலே போதும். வகுப்பு நேரம் காலை 10 முதல் மாலை 4 வரை. பள்ளிக்கூடமும் அதே நேரம்தானே! இரண்டில் ஒன்றைத்தான் பிடிக்க முடியும்.

சனி, ஞாயிறு என்றால் ஜவகர் சிறுவர் மன்றம் உண்டு. திண்டிவனத்துப் பிள்ளை அதற்காகப் பஸ் ஏறி 40 கிலோமீட்டர் விழுப்புரம் வர வேண்டும். அந்தச் சனிக்கிழமையும் பத்தாம் வகுப்புக்கு ஸ்பெஷல் கிளாஸ் வைத்துவிடுகிறார்கள்.

என்ன பாடம் என்று கேட்கவே வேண்டாம்.