பரிந்துரை வேறு, கட்டாயம் வேறு

விமானத்தில் ஏதோ கோளாறு என்று டிவியில் கீழே ஓடினால் போதும், ஷார்ஜா, துபாய், தோஹாவில் இருக்கும் நம்ம சனங்களில் பாதிப்பேர் எனக்குப் போன் போடுவார்கள். "அண்ணே, அடுத்த வாரம் ஊருக்கு டிக்கெட் போட்டிருக்கேன், ஏறலாமா?" விமானப் பராமரிப்புப் பொறியாளர் என்று ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டால், ஆயுசுக்கும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி ரெண்டு வரி. பூர்வீகம் கம்பம் பக்கம். தாத்தா காலத்தில் மிளகு, ஏலக்காய் வியாபாரத்துக்காக மட்டாஞ்சேரி வந்து, கொச்சங்காடியில் தங்கிவிட்ட குடும்பம். செம்பிட்டப் பள்ளியிலிருந்து நடக்கிற தூரத்தில் வீடு. வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். 1999இல் நெடும்பாசேரி விமான நிலையம் திறக்கும் வரை, பயணிகள் விமானமும் எதிர்க்கரையில் இருக்கும் வெலிங்டன் தீவின் கடற்படை ஓடுதளத்தில்தான் இறங்கும். மொட்டை மாடியில் நின்று வயிற்றைப் பார்த்தே இது எந்த விமானம் என்று சொல்வேன். அந்தப் பைத்தியம்தான் இந்த வேலை வரை கொண்டுவந்து விட்டது.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

ஒரு விமானத்திலோ எஞ்சினிலோ குறை தெரிந்தால், அதைச் செய்த கம்பெனி முதலில் 'சர்வீஸ் புல்லட்டின்' என்று ஒன்று அனுப்பும். இந்தப் பாகத்தைப் பாருங்கள், இப்படி மாற்றுங்கள் என்பதோடு சரி. பெரும்பாலும் அது பரிந்துரைதான். பறப்பதற்கே ஆபத்தான குறை என்றால் அரசாங்க அமைப்பு உள்ளே வரும். போயிங்குக்கு அமெரிக்காவின் எஃப்ஏஏ, ஏர்பஸ்ஸுக்கு ஐரோப்பாவின் இயாசா. அவர்கள் போடுவதுதான் 'ஏர்வொர்த்தினெஸ் டைரக்டிவ்'. ஹேங்கரில் நாங்கள் சுருக்கமாக 'ஏடி' என்போம். பறக்கும் தகுதிக்கான உத்தரவு. நம்ம ஊரில் பதிவான விமானங்களில் அது நடக்கிறதா என்று பார்ப்பது டிஜிசிஏ.

ஒரு ஏடியில் மூன்று விஷயம் தெளிவாக இருக்கும். என்ன ஆபத்து, எந்தெந்த விமானம் அல்லது எஞ்சின், எதற்குள் என்ன செய்ய வேண்டும். கெடு மூன்று விதம்: பறந்த மணிநேரம், நாள்காட்டித் தேதி, அப்புறம் சைக்கிள். ஒரு தடவை ஏறி இறங்கினால் ஒரு சைக்கிள். கொச்சியிலிருந்து துபாய்க்கு நாலு மணிநேரம் பறந்தாலும் ஒன்று, பெங்களூருக்கு ஒரு மணிநேரம் பறந்தாலும் ஒன்று. எஞ்சின் பிளேடு களைத்துப் போவது தூரத்தைவிட இந்த ஏற்ற இறக்கத்தால்தான். கெடு தாண்டிவிட்டால் அந்த விமானம் சட்டப்படி பறக்கக் கூடாது. வேலையை முடித்த பொறியாளர் தன் லைசென்ஸ் எண்ணைப் போட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். பின்னால் ஏதாவது ஆனால் முதலில் தேடுவது அந்தக் கையெழுத்தைத்தான்.

பரிந்துரைக்கும் கட்டாயத்துக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி எவ்வளவு பெரிசு என்பதற்கு ஓர் உதாரணம். 2016 ஆகஸ்ட் 27இல் அமெரிக்காவில் சவுத்வெஸ்ட் போயிங் 737 ஒன்றில், எஞ்சின் முன்பக்க விசிறி பிளேடு நடுவானில் உடைந்தது. உயிர்ச்சேதம் இல்லை. மறுவருடம் எஞ்சின் கம்பெனி அல்ட்ராசானிக் சோதனை செய்யச் சொல்லிப் பரிந்துரைத்தது. அதைக் கட்டாயமாக்கும் வரைவை எஃப்ஏஏ 2017 ஆகஸ்டில் வெளியிட்டது. வரைவு வரைவாகவே இருந்தது. 2018 ஏப்ரல் 17, அதே கம்பெனியின் இன்னொரு 737இல் அதே மாதிரி பிளேடு உடைந்து, ஜன்னல் நொறுங்கி, ஒரு பயணி இறந்துபோனார். மூன்றே நாளில், ஏப்ரல் 20ஆம் தேதி, அவசர உத்தரவு வந்தது: 30,000 சைக்கிளுக்கு மேல் ஓடிய எஞ்சின்களை 20 நாளுக்குள் சோதிக்க வேண்டும். எட்டு மாதமாக நகராத காகிதம் மூன்று நாளில் நகர்ந்தது.

அமெரிக்கக் கதைதானே என்று விட வேண்டாம். கொச்சியிலிருந்தும் கோழிக்கோட்டிலிருந்தும் நம்ம ஆட்களை வருஷக்கணக்காக ஏற்றி இறக்கிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 737-800களிலும் இருப்பது அதே வகை எஞ்சின்தான்.

நம்ம நாட்டில் டிஜிசிஏ கறாராக நின்ற சம்பவமும் உண்டு. 2019 அக்டோபர் கடைசியில் இண்டிகோவின் ஏ320 நியோ விமானங்களில் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து எஞ்சின் தகராறு. பிராட் அண்ட் விட்னி எஞ்சினின் டர்பைன் பிளேடுதான் பிரச்சினை. 97 விமானங்களிலும் மாற்றியமைத்த எஞ்சின்களைப் பொருத்த வேண்டும், 2020 ஜனவரி 31 கெடு, முடியாதவை தரையில் நிற்கட்டும் என்றது டிஜிசிஏ. கெடு பிறகு நீட்டிக்கப்பட்டது. ஆனால் கம்பெனிக்கு எவ்வளவு நஷ்டம் என்பதை ஒதுக்கி வைத்துவிட்டுப் போட்ட உத்தரவு அது.

இப்போது அகமதாபாத். 2025 ஜூன் 12. விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவர்தான் பிழைத்தார். தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 260 பேர் போய்விட்டார்கள். ஜூலையில் வந்த முதற்கட்ட அறிக்கை, ஏறிய சில விநாடிகளில் ரெண்டு எஞ்சினின் எரிபொருள் சுவிட்சுகளும் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தும் நிலைக்கு மாறின என்றது. ஏன் மாறின என்று சொல்லவில்லை. அதே அறிக்கையில் இன்னொரு தகவல். அந்த வகை சுவிட்சின் பூட்டு அமைப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி எஃப்ஏஏ 2018 டிசம்பரில் ஓர் அறிவிப்பு கொடுத்திருந்தது. அது ஏடி இல்லை, ஆலோசனை மட்டும். கட்டாயம் இல்லாததால் அந்தச் சோதனை செய்யப்படவில்லை. விபத்துக்கு இதுதான் காரணம் என்று அறிக்கை சொல்லவில்லை, நாமும் சொல்லக் கூடாது. ஜூலை 14இல் டிஜிசிஏ அந்தச் சோதனையைக் கட்டாயமாக்கி 21ஆம் தேதி வரை கெடு கொடுத்தது. ஏர் இந்தியா தன் விமானங்களைச் சோதித்துவிட்டு, பூட்டில் குறை எதுவும் இல்லை என்று அறிவித்தது.

அந்த வாரம்தான் கொச்சங்காடியிலிருந்து அம்மாவின் போன். என் மனைவிக்கு ரெண்டாவது பிரசவம் நெருங்கியிருந்தது. அம்மா வருவதற்கு ஆகஸ்டில் டிக்கெட் போட்டிருந்தேன்.

"தம்பி, டிக்கெட்ட கேன்சல் பண்ணிரு. நா வரல."

நான் மேலே எழுதியதை எல்லாம் விளக்கினேன். ஏடி, கெடு, கையெழுத்து. பொறுமையாகக் கேட்டுவிட்டு அம்மா சொன்னார்: "ஜங்கார் பக்கத்துல படகு முங்குச்சே, அந்தப் படகையும் எவனோ ஒருத்தன் பாத்துட்டுத்தானப்பா வுட்டுருப்பான்?"

கொச்சிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2015 ஆகஸ்ட் 26, வைப்பினிலிருந்து கோட்டைக்கொச்சி வந்த படகில் மீன்பிடிப் படகு மோதி 11 பேர் இறந்தார்கள். அம்மா மாதம் ரெண்டு தடவை அந்தத் துறையில் இறங்குகிறவர். அவரிடம் காகிதத்தைக் காட்டி என்ன பிரயோஜனம்? 2023 மார்ச்சில் நெடும்பாசேரியிலேயே, புதுக் கட்டுப்பாட்டுத் தண்டு பொருத்திச் சோதனைக்குக் கிளப்பிய கடலோரக் காவல்படை ஹெலிகாப்டர் விழுந்ததையும் அவர் டிவியில் பார்த்திருக்கிறார். மூன்று பேரும் பிழைத்தார்கள். ரிப்பேர் செய்ததும் ஆட்களை ஏற்றாமல் ஓட்டிப் பார்ப்பதே இதற்காகத்தான் என்று நான் சொன்னால், அது ரிப்பேர்க்காரன் பேச்சு.

அதனால் வேறு ஒன்று சொன்னேன். அதுவரை வீட்டில் யாரிடமும் சொல்லாதது.

சில வருஷம் முன்னால் ஓர் இரவு ஷிப்ட். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். திருச்சி போக வேண்டிய விமானம். குறிப்பிட்ட சைக்கிளுக்கு ஒருமுறை எஞ்சினுக்குள் போரஸ்கோப் விட்டுப் பார்க்கச் சொல்லும் ஏடி அதற்கு இருந்தது. வயிற்றுக்குள் குழாய் விட்டு டாக்டர் பார்க்கிற மாதிரிதான். பார்த்தால் ஒரு பிளேடு ஓரத்தில் விரிசல். அளந்தோம், அனுமதித்த அளவைவிடக் கூடுதல். கொஞ்சம்தான் கூடுதல். மேலே இருந்து, இன்னொரு முறை அளந்து பாருங்களேன் என்றார்கள். அளந்தேன். அதே அளவு. கையெழுத்துப் போட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். விமானம் நின்றது.

விடிகாலையில் ஒரு வேலையாக டெர்மினல் பக்கம் போனபோது ஒரு பையன் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். ராமநாதபுரம் பக்கத்துப் பையன். ஊரில் வாப்பா மவுத். அசருக்குள் அடக்கம், அந்த விமானத்தை விட்டால் முகம் பார்க்க முடியாது. வேறு விமானத்தில் இடம் கிடைக்குமா என்று எனக்குத் தெரிந்தவர்களைப் பிடித்துப் பார்த்தேன். இரவுதான் கிடைத்தது. விமானத்தை நிறுத்தியவன் நான்தான் என்று அவனிடம் சொல்லத் தோன்றவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "மய்யித்த பாத்தானா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. அடக்கம் முடிஞ்சிருச்சு."

"திரும்ப அப்படி வந்தா என்ன செய்வ?"

"நிறுத்துவேம்மா."

"சரி. டிக்கெட் இருக்கட்டும்."

இதை என் பெருமைக்காக எழுதவில்லை. எங்கள் வேலையில் எல்லோருக்கும் இப்படி ஒரு ராத்திரி இருக்கும். உத்தரவு கட்டாயமாக இருந்ததால்தான் என்னால் நிற்க முடிந்தது. வெறும் பரிந்துரையாக இருந்திருந்தால், "அப்புறம் பார்த்துக்கலாம்" என்பவரிடம் எதைக் காட்டி வாதாடியிருப்பேன்?

எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்றும் சொல்ல மாட்டேன். 2025 நவம்பரில் ஏர் இந்தியாவின் ஏ320 ஒன்று, தகுதிச் சான்று காலாவதியானது கவனிக்கப்படாமல் எட்டு முறை பறந்தது. கம்பெனியே கண்டுபிடித்து டிஜிசிஏவிடம் சொன்னது, விசாரணையும் வந்தது. அதே மாதம் 28ஆம் தேதி நேர் எதிரான காட்சி. அக்டோபர் கடைசியில் ஜெட்புளூ ஏ320 ஒன்று திடீரென்று கீழே இறங்கியதை ஆராய்ந்த ஏர்பஸ், கடுமையான சூரியக் கதிர்வீச்சு ஒரு கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டரின் தகவலைக் கெடுக்கலாம் என்றது. உடனே இயாசாவின் அவசர உத்தரவு. உலகம் முழுக்க சுமார் 6,000 விமானம், இந்தியாவில் 338. பெரும்பாலானவற்றுக்குப் பழைய மென்பொருளை ஏற்றினால் போதும், சில மணிநேர வேலை. அந்த வார இறுதியில் தூங்காத பொறியாளர்களில் நானும் ஒருவன். அதற்குள் வந்து சேர்ந்திருந்த அம்மா, பேரனை மடியில் போட்டுக்கொண்டு, "இத்தன பிளேனா?" என்று மட்டும் கேட்டார்.

ஆக, போன் போடும் தம்பி தங்கைகளுக்கு என் பதில் இதுதான். செய்தியில் "சோதனைக்கு உத்தரவு" என்று வந்தால் பயப்படாதீர்கள். கண்டுபிடித்து, பெயர் வைத்து, கெடுவும் வைத்துவிட்ட குறை அது. "பரிந்துரை மட்டும்" என்று எங்காவது படித்தால், ஏன் கட்டாயமாக்கவில்லை என்று கேளுங்கள். எம்பியிடம் கேளுங்கள், பத்திரிகைக்கு எழுதுங்கள். டிக்கெட் வாங்கியவருக்குக் கேட்கும் உரிமை உண்டு.

ஒரு காரியம் இருந்து, நேரத்துக்குள் ஊர் போய்ச் சேர வேண்டும் என்றால், முடிந்தவரை ஒருநாள் முன்னதாகக் கிளம்புங்கள். சாவுக்கு அப்படி முடியாது, தெரியும். தொழில்நுட்பக் கோளாறால் தாமதம் என்று அறிவித்தால் கவுண்டரில் இருக்கும் பெண்ணைத் திட்ட வேண்டாம். அவருக்கு ஒன்றும் தெரியாது. உள்ளே எவனோ ஒருவன் டார்ச்சும் கையுமாக எஞ்சினுக்குக் கீழே படுத்திருப்பான். அவசரப்படுத்தாமல் விடுங்கள்.