0.1 மில்லிமீட்டர் பாவம்

வாரம் அஞ்சு நாள் ஆபீஸ்ல ஆணி புடுங்குறது, சனி ஞாயிறு கோவளம் வீட்டு ஷெட்ல மினி லேத்ல நிஜமாவே இரும்பு கடையறது... இதான் மக்களே நம்ம பொழப்பு!

போன மாசம் பக்கத்து வீட்டு அண்ணனோட போட் இன்ஜினுக்கு ஒரு புஷ் கடைஞ்சு கொடுத்தேன். ஷாஃப்டை தப்பா அளந்திருக்கேன் போல, மாட்டினா லொடலொடன்னு ஆடுச்சு. மனுஷன் ரெண்டு நாள் கடலுக்குப் போகலை. "பரவால்ல தம்பி"ன்னு சொன்னார் பாருங்க, அதுதான் சுருக்குன்னுச்சு.

சந்தேகம் என் டிஜிட்டல் காலிப்பர் மேல. சோதிக்க ஸ்கேட்டிங் சக்கரத்துல வர்ற 608 பேரிங் ஒண்ணு புதுசா வாங்கினா போதும்: வெளிவிட்டம் 22 மி.மீ., அகலம் 7, துளை 8. விட்டத்துல பிசகு இருந்தாலும் சில மைக்ரான்தான். நம்மாளு காலையில 22.06, சாயங்காலம் 21.93 காட்டினார்! பிரபல கம்பெனி பேரைப் போட்ட போலி. திரையில ரெண்டு தசமம் தெரிஞ்சா துல்லியம்னு நம்பிட்டேன் (என்ஜினியரிங் டிகிரி வேற). அசலா இருந்தாலும், கடல்காத்து ஈரம் ஸ்கேல்ல படிஞ்சா டிஜிட்டல் உளறும்.

இப்ப 0.02 வெர்னியர் ஒண்ணு, 0-25 மைக்ரோமீட்டர் ஒண்ணு. பேட்டரி தொல்லை இல்ல. துடைச்சு, எண்ணெய் தடவி, மைக்ரோமீட்டர் முனைங்க ஒட்டாம கொஞ்சம் இடைவெளி விட்டுப் பெட்டியில வைக்கறேன்.

புது புஷ்ஷை நேத்து மாட்டியாச்சு. விடியறதுக்கு முன்னாடியே அண்ணன் கிளம்பிட்டார். இன்னும் கரைக்கு வரலை, நான் மணல்ல உக்காந்திருக்கேன்.