பேர் சொல்லாதது

ராத்திரி எட்டு மணிக்கு பஃபலோ ரோட்டில் ஒரு கடைக்குள் போய், “அண்ணே, பேர் சொல்லாதது இருக்கா?” என்று கேட்டேன். பின்னால் நின்றவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கடைக்காரர் நிமிரவே இல்லை. “எத்தனை துண்டு தம்பி?”

பாட்டி வாங்கி வரச் சொன்னது வசம்பு. இருட்டிய பிறகு அதன் பெயரைச் சொல்லக்கூடாதாம். பிள்ளை வளர்ப்பான் என்றும் ஒரு பெயர் உண்டு. அக்காவின் ஒன்றரை மாதக் குழந்தை சாயங்காலமானால் காலை மடக்கிக்கொண்டு வீறிட்டு அழுதது. வசம்பை விளக்கில் சுட்டுக் கருக்கி, தாய்ப்பாலில் உரசி, நாக்கில் தடவினால் வாயு போய்விடும் என்பது பாட்டியின் கணக்கு. அம்மா, அக்கா, நான் எல்லாரும் அப்படி வளர்ந்தவர்கள்தான்.

எம்ஆர்டியில் சும்மா வராமல் ஃபோனைத் திறந்ததுதான் வினை. வசம்பில் பீட்டா அசரோன் என்றொரு பொருள் இருக்கிறது. ஆய்வகத்தில் எலிகளுக்குப் புற்றுநோய்க் கட்டிகள் வந்ததால், அமெரிக்கா 1968-லேயே உணவில் வசம்பைச் சேர்க்கத் தடை விதித்தது. வட அமெரிக்காவில் விளையும் வகையில் அது கிடையாது. நம் வகையில் நிறைய.

வீட்டுக்கு வந்ததும் எஞ்சினியர் புத்தி கேட்டது: “எவ்வளவு குடுப்பீங்க பாட்டி?”

“ரெண்டு உரசு.”

“ரெண்டு உரசுன்னா?”

கல் இல்லாமலேயே விரலால் ரெண்டு சுற்று சுற்றிக் காட்டினார். அவரிடமும் அளவு இருந்தது, கிராமில் இல்லை, அவ்வளவுதான்.

படித்ததைச் சொன்னேன். “அப்ப உங்களையெல்லாம் விஷம் குடுத்தா வளர்த்தேன்?” என்றார். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது உண்மை. ஆகாதவர்கள் மட்டும்தானே அதைச் சொல்ல மிஞ்சியிருப்போம் என்று தோன்றியது. வாயைத் திறக்கவில்லை.

சிங்கப்பூருக்கு இந்தச் சண்டை புதிதில்லை. சீனக் குடும்பங்களில் பச்சைக் குழந்தைக்குக் கொடுத்துவந்த ஹுவாங்லியன் என்ற கசப்பு வேர், ஜி6பிடி குறைபாடுள்ள குழந்தைகளின் மஞ்சள்காமாலையை மோசமாக்கும் என்று 1978-ல் இங்கே தடை செய்தார்கள். பல ஆண்டுகள் கழித்து, ஆதாரங்களை மறுபடி அலசிவிட்டுத் தடையை எடுத்தார்கள். அந்தப் பாட்டிகளிடம் யாராவது போய்ச் சொல்லியிருப்பார்களா?

கடைசியில் அக்காதான் முடிவெடுத்தாள். உள்ளுக்கு எதுவும் வேண்டாம். பாட்டி வாதாடவில்லை. விளக்கெண்ணெயை உள்ளங்கையில் சூடு ஏறத் தேய்த்து, குழந்தையின் தொப்புளைச் சுற்றி மெதுவாகத் தடவினார். குழந்தை வெகுநேரம் அழுதுவிட்டுத் தூங்கியது. எண்ணெயாலா, அழுத களைப்பாலா, தெரியாது.

வசம்பு இன்னும் சமையலறை டப்பாவில்தான் இருக்கிறது. இப்போதெல்லாம் பகலில்கூட எங்கள் வீட்டில் யாரும் அதன் பெயரைச் சொல்வதில்லை.