மறுத்த தாளைக் கிழிக்காதீர்கள்

காலை ஏழரை மணிக்குச் சிங்கப்பூரின் தோ பாயோ எம்ஆர்டி ரயில் நிலையத்தில் நின்று பார்க்கிறேன். பிள்ளைகள் அட்டையைத் தட்டுகிறார்கள், மின்படிக்கட்டில் இறங்குகிறார்கள், ரயில் வருகிறது, போகிறார்கள். இந்த ரயில் வேண்டுமா வேண்டாமா என்று ஒரு காலத்தில் நாடே வாதாடியது அவர்களுக்குத் தெரிந்திருக்காது. அந்த வாதத்தின் நடுவில் இருந்த ஒருவரைப் பற்றி இளையவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

அவர் ஓங் டெங் சியோங். பிற்காலத்தில் மக்கள் தேர்தல் வழியாக வந்த முதல் அதிபர். எங்கள் வட்டாரத்துக்கோ அவர் 1972இலிருந்தே கிம் கியட் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். படிப்பால் கட்டடக் கலைஞர். 1967இல் அரசாங்கத்தில் நகரத் திட்ட அதிகாரியாகச் சேர்ந்தார். மக்கள் பெருகினால் சாலை மட்டும் போதாது, ரயிலும் வேண்டும் என்ற யோசனை அந்தக் காலத்துத் திட்ட ஆய்வில் எழுந்தது. 1978இல் அவரே தொடர்பு அமைச்சரானார். பழைய யோசனை மறுபடி அவர் மேசைக்கு வந்தது.

எதிர்ப்பு லேசானதல்ல. செலவு சுமார் 5 பில்லியன் வெள்ளி. நாட்டின் பொருளாதாரத்தை நிமிர்த்திய துணைப் பிரதமர் கோ கெங் சுவீயே பேருந்துகள் போதும் என்ற பக்கம் இருந்தார். 1980இல் ஹார்வர்ட் பல்கலைக்கழக நிபுணர் குழுவும் அதையே சொன்னது. ஓங் பின்வாங்கவில்லை. இன்னொரு விரிவான ஆய்வு நடந்தது. பேருந்துகளை மட்டும் நம்பினால் நகர நடுவில் பேருந்துகளே சாலையை அடைத்துக்கொள்ளும் என்று அது கணக்குக் காட்டியது. 1982 மே மாதம் அரசாங்கம் ரயிலுக்குச் சம்மதித்தது.

1987 நவம்பர் 7. இயோ சூ காங் முதல் தோ பாயோ வரை 5 நிலையங்கள், 6 கிலோமீட்டர். தொடக்கி வைத்தவர் ஓங். அப்போது அவர் தொடர்பு அமைச்சராக இல்லை. வேறு பொறுப்புகளுக்குப் போயிருந்தார். அந்த வாரமே குடும்பத்தோடு ஏறினோம். மின்படிக்கட்டில் என் மனைவி ஒரு கையில் சேலைக் கொசுவத்தையும் மறு கையில் என் தோளையும் பிடித்துக்கொண்டார். பிராடலைத் தாண்டி வண்டி சுரங்கத்திலிருந்து மேலே வந்ததும், மகள் கண்ணாடியில் உள்ளங்கையைப் பதித்தபடி, “அப்பா, வெயில்!” என்றாள்.

ஒரு காலத்தில் மறுக்கப்பட்ட யோசனை ரயிலாக ஓடியதைப் பார்த்த அன்று எனக்கு என் வேலை நினைவுக்கு வந்தது. நான் பேருந்துப் பணிமனையில் உழைத்தவன். எந்த வண்டியின் பிரேக் எத்தனை நாளில் தேய்கிறது என்று நான்கு மாதம் குறித்து வைத்தேன். முன்கூட்டியே மாற்றினால் வண்டி நடுவழியில் நிற்பது குறையும் என்று மேலாளரிடம் தாள்களை நீட்டினேன். புரட்டிக்கூடப் பார்க்காமல், “அப்புறம் பார்க்கலாம்” என்றார். ரோஷம் பொங்கியது. மாலையே அத்தனையையும் கிழித்துக் குப்பையில் போட்டேன். ஓராண்டு கழித்து வேறொருவர் அந்த நாற்காலிக்கு வந்தார். “பிரேக் கணக்கு யாராவது வைத்திருக்கிறீர்களா?” என்று கேட்டார். என்னிடம் எதுவும் இல்லை.

என்னைத் தோற்கடித்தது அந்த மேலாளர் இல்லை, என் ரோஷம்தான். யோசனையை மறுத்ததை என்னையே மறுத்ததாக எடுத்துக்கொண்டேன்.

பிள்ளைகளே, உங்கள் பேச்சை ஒருவர் ஏற்கவில்லையென்றால் அவருடைய கேள்வி என்ன என்று முதலில் கேளுங்கள். அதற்கு விடை தேடுங்கள். விடை கிடைக்காவிட்டால் யோசனையில்தான் குறை என்று ஒப்புக்கொள்ளவும் தயாராக இருங்கள். பேருந்து போதாதா என்று பெரியவர்கள் கேட்டதால்தான் ரயிலின் கணக்கு அலசிப் பார்க்கப்பட்டது. தட்டிக் கேட்பவரும் ஒரு வகையில் உங்களுக்கு உதவி செய்பவரே.

தாளை மட்டும் கிழிக்காதீர்கள். தேதி போட்டு, மடித்து, மேசை இழுப்பறையில் வையுங்கள். நாற்காலியில் ஆள் மாறும், காலமும் மாறும். கேட்கிறவர் வரும் நாளில் உங்கள் கை வெறுங்கையாக இருக்கக் கூடாது.